பதினேழு மதிப்புள்ள ஓட்டு

ஹைதராபாத் ஓரத்து மல்லாபூரில் மழை பிடித்துக்கொண்டால் ஏழாம் வகுப்பு பி பிரிவில் ஒருவருக்கும் காது வேலை செய்யாது.

எல்லாம் கூரையால் வந்த வினை. தலைக்கு மேலே வெறும் தகரம். மழை அதில் விழுந்தால், லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுகிறமாதிரி சத்தம். கொட்டி முடிக்கவே முடிக்காத லாரி. கிருஷ்ணமூர்த்தி சார் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார். பிள்ளைகளுக்கு அவர் வாய் திறந்து மூடுவது மட்டும்தான் தெரியும். கடைசியில் சாக்பீஸை எடுத்துப் பாடத்தைக் கரும்பலகையில் எழுத ஆரம்பித்துவிடுவார். சந்தேகம் வந்த பிள்ளை எழுந்து போய்த் தானும் ஒரு சாக்பீஸால் கேள்வியைக் கீழே எழுதும். அதற்குச் சார் பதில் எழுதுவார். மழை நிற்கும்வரை எழுத்துப் பேச்சுதான்.

ஏ பிரிவுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவை பழைய கட்டடத்தில் இருந்தன. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, எல்லோருக்கும் காற்று வருகிற மின்விசிறி. தொழிற்பேட்டையில் கம்பெனிகள் பெருகின. வேலைக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். பின்னால் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு பி பிரிவு என்று பேர் வைத்து, மைதானத்தின் ஓரத்தில் வகுப்புக்கொரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள்.

ஏழாம் வகுப்பு பி கொட்டகையின் வகுப்புத் தலைவி பூர்ணா. குழாய் வார்க்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் பழனிசாமியின் மகள். ஜூன் மாதம் பிள்ளைகள் கையைத் தூக்கி அவளைத் தலைவி ஆக்கினார்கள். காரணம், அவளுக்குக் கோபம் வந்தால் சார் என்றும் பார்க்க மாட்டாள், மேடம் என்றும் பார்க்க மாட்டாள்.

அந்தக் கோபம் ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் வந்தது.

“இந்த வியாழக்கிழமை நாட்டுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தல். நம்ம பள்ளிக்கூடத்துப் பிரசிடென்ட் தேர்தலையும் இந்த வருஷம் அதே முறையில நடத்தப் போறோம்” என்றார் கிருஷ்ணமூர்த்தி சார். அவருக்கு விதிமுறை என்றால் லட்டு சாப்பிடுகிற மாதிரி. “அதனால நீங்க யாரும் ஓட்டுப் போட மாட்டீங்க.”

“ஏன் சார்?” என்று கொட்டகையே கேட்டது.

“நாட்டுல உங்க அப்பா அம்மா போடுறாங்களா? இல்ல. அவங்க தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்தான் போடுவாங்க. அதேமாதிரி இங்க எட்டு வகுப்புத் தலைவர்கள் போடுவாங்க. ஆறாம் வகுப்புலேர்ந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும், ஏ-யும் பி-யும். இன்னொண்ணு. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கிடையாது. நம்ம மாநிலத்து எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு நூற்று நாற்பத்தெட்டு. சிக்கிம்ல வெறும் ஏழு. ஜனத்தொகையை வச்சுப் போட்ட கணக்கு.”

“எந்த வருஷத்து ஜனத்தொகை சார்?” என்று கேட்டாள் பூர்ணா.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொண்ணு.”

“சார், இது ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு.”

“சட்டம் அப்படிம்மா. நம்ம பள்ளிக்கூடத்துக்கும் நான் கணக்குப் போட்டுட்டேன்.” சார் ஒரு தாளைப் பிரித்தார். “ஏழாம் வகுப்பு ஏ, நாற்பது. ஏழாம் வகுப்பு பி, பதினேழு.”

பூர்ணா எழுந்து நின்றுவிட்டாள். “நாங்க ஐம்பத்தெட்டுப் பேர் இருக்கோம் சார்.”

“ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் ரூம் வாசல்ல இருக்கிற எண்ணிக்கைப் போர்டுல பதினேழுன்னுதான் இருக்கு.”

இருந்தது உண்மை. பச்சைப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் என்று எழுதியிருந்தது. கொட்டகை போட்ட முதல் வருஷம் எழுதினது. அதற்குப்பிறகு பெயின்டரை யாரும் கூப்பிடவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதா மெதுவாகக் கேட்டாள். அங்கே சாரிலிருந்து வேதாவரை எல்லோரும் பேசுவது தெலுங்கும் ஹைதராபாத் ஹிந்தியும் குழைத்த பேச்சு. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அப்போ மிச்ச நாற்பத்தொரு பேர் பேயா சார்?”

கொட்டகை சிரித்தது. பூர்ணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கு விடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோபத்துக்குக் காரணம் எண் மட்டும் இல்லை. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றியதும் பிள்ளைகளின் பிரசிடென்ட் எழுந்து ஒரே ஒரு கோரிக்கை வைக்கலாம். நிர்வாகம் அதைக் கட்டாயம் செய்து கொடுக்கும். போன வருஷம் டேபிள் டென்னிஸ் மேசை வந்தது. அதற்கு முந்தின வருஷம் ஏ கட்டடத்து மாடிப்படியில் ஆளுயரக் கண்ணாடி. கொட்டகைக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. கொட்டகையிலிருந்து யாரும் பிரசிடென்ட் ஆனதும் இல்லை.

இந்த வருஷம் இரண்டு பேர் நின்றார்கள். ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவு ஸ்ரேயா, கூடைப்பந்துக் கம்பம் கேட்கப் போவதாகச் சொன்னாள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு ஆதர்ஷ், கொட்டகைத் தகரத்துக்குக் கீழே ஒரு தட்டி அடித்துச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லப் போவதாகச் சொன்னான். கொட்டகைப் பிள்ளைகள் யார் பக்கம் என்பதைக் கேட்கவே வேண்டாம். அதனால்தானோ என்னவோ, பூர்ணா கேட்கவும் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம், தண்ணீர்க் குழாயடியில் பூர்ணா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நீ தமிழாமே?”

பூர்ணா திரும்பினாள். ஸ்ரேயா நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க வீட்லயும் தமிழ்தான். பூர்ணாதானே உன் பேரு? எங்க சித்தி பேரும் அதேதான். உங்களுக்கு எந்த ஊரு?”

“ஈரோடு பக்கங்க்கா.”

“அப்போ நீ நம்ம ஆளு. இங்க பேச ஆளே இல்லாம வாய் செத்துப் போச்சு.”

இந்தச் சங்கதி உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம். பூர்ணாவுக்குச் சின்னதில்லை. அந்தப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த ஊர்ப் பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம் என்று தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டாள். தமிழ்க்காரர்களை அங்கே அரவம் என்பார்கள். கோபம் வந்தால் வேதாகூட அவளை அரவப் பொண்ணு என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் தன் வீட்டுப் பேச்சு காதில் விழுந்தபோது, யாரோ அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

புதன்கிழமை எட்டுத் தலைவர்களும் சார் அறைக்குப் போனார்கள். ஆளுக்கு, வகுப்பின் மதிப்பு எழுதின ஒரு சீட்டு. சீட்டை மடித்துச் சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும். பூர்ணா ஒரு நிமிஷம் யோசித்தாள். என் ஓட்டுக்குத்தான் மதிப்பே இல்லையே, பதினேழுதானே, அதை எங்கே போட்டால் என்ன என்று நினைத்தாள். கை ஸ்ரேயா என்று எழுதிவிட்டது.

சாயந்திரம் சார் முடிவைச் சொன்னார். “ஏ பிரிவுலேயே ஒரு ஓட்டு ஆதர்ஷுக்கு விழுந்திருக்கு. இருந்தும் இருபத்து நாலு வித்தியாசத்துல ஸ்ரேயா ஜெயிச்சிருக்கா.”

பூர்ணா நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஸ்ரேயாவிடமிருந்து பதினேழைக் கழித்தாள். ஆதர்ஷுக்குப் பதினேழைக் கூட்டினாள். இரண்டும் சேர்ந்தால் முப்பத்து நான்கு. முப்பத்து நான்கு, இருபத்து நான்கைவிடப் பெரியது.

மறுபடியும் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் பெரியதாகவே இருந்தது.

மதிப்பே இல்லாத அந்தப் பதினேழுதான் ஆதர்ஷைத் தோற்கடித்திருந்தது.

“ஏமாத்திட்டாங்க” என்று வேதா பெஞ்சைக் குத்தினாள். “நாலு பி பிரிவும் ஆதர்ஷுக்குத்தானே போட்டிருக்கும்? நம்மளைப் பதினேழுன்னு சுருக்கிச் சுருக்கியே கவுத்துட்டாங்க. கைக்கு சும்மா இருக்கே பூர்ணா? எப்பவும் நீதானே முதல்ல கத்துவே?”

கைக்கு என்றால் ஏன் என்று அர்த்தம். அந்த ஏனுக்குப் பூர்ணாவிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. வந்தது வேறு.

“சார், இந்த முறையே அநியாயம். மக்கள்தான் ஓட்டுப் போடணும். பிரசிடென்ட்டா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி.”

அன்றைக்கு அவள் கத்தின கத்து ஏ கட்டடம்வரை கேட்டது. உள்ளே குற்றம் குறுகுறுக்கும்போது வெளியே சத்தம் கூடத்தானே வரும்.

சாருக்கு ஒரே சந்தோஷம். “ரொம்ப நல்லது. வெள்ளிக்கிழமை இதையே விவாதமா வச்சுடுவோம். குடியரசுத் தலைவரை மக்களே நேரா தேர்ந்தெடுக்கலாமா, கூடாதா? தேர்ந்தெடுக்கலாம்னு பூர்ணா பேசட்டும். கூடாதுன்னு ஏழாம் வகுப்பு ஏ ஜெயந்த் பேசுவான்.”

*

வியாழக்கிழமை சாயந்திரம் பழனிசாமி ஷிப்ட் முடிந்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கழற்றுவதற்கே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நாள் முழுக்க உலைக்கு முன்னால் நின்ற கால்.

“அப்பா, நீங்க பொறந்தது எந்த வருஷம்?”

“எழுபத்தி மூணு கண்ணு. ஏன்?”

“அப்ப இந்த நாட்டுப் பிரசிடென்ட்டைத் தேர்ந்தெடுக்கற கணக்குல நீங்க இல்லைங்கப்பா. எழுபத்தொண்ணுல எண்ணினதுதான் கணக்கு. நீங்களும் இல்ல, அம்மாவும் இல்ல, நானும் இல்ல.”

பழனிசாமி யோசித்தார். “எழுபத்தொண்ணுல நான் பொறக்கவே இல்லியே சாமி. பொறக்காதவன எப்பிடி எண்ணுவாங்க?”

“இப்பவும் எண்ணலையேப்பா. நாற்பது வருஷம் ஆச்சு. உங்களுக்குக் கோபமே வராதா?”

“வரும். கால் வலி நின்னதும் வரும்.”

அடுப்படியிலிருந்து அம்மா பாமா எட்டிப் பார்த்தாள். “உங்கப்பாவை நாட்டுல எண்ணாட்டிப் போகுது. நான் தினமும் எண்ணித்தான் தோசை ஊத்தறேன். எட்டுல ஒண்ணு கொறஞ்சா ஆளு மூஞ்சியப் பாக்கோணும்.”

மூவரும் சிரித்தார்கள். பழனிசாமி காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

“உங்க பள்ளிக்கூடத்துல நீதானே கண்ணு ஓட்டுப் போட்டது? யாருக்குப் போடலாம்னு கிளாஸ்ல என்ன சொன்னாங்க?”

சும்மா, பேச்சுவாக்கில் கேட்ட கேள்விதான். பூர்ணா தட்டை எடுக்கிற மாதிரி அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு இரண்டாவது தோசை இறங்கவில்லை. யாரையும் எண்ணவில்லை என்று ஊர் முழுக்கக் கத்தியாயிற்று. அவள் மட்டும் அந்த ஐம்பத்தெட்டுப் பேரை எங்கே எண்ணினாள்?

*

வெள்ளிக்கிழமை ஏ கட்டடத்துக் கூடத்தில் பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை. அதனால் விவாதத்தை ஏழாம் வகுப்பு பி கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஜெயந்தின் வகுப்புப் பிள்ளைகள் சுவர் ஓரமாக நின்றார்கள். தலைமையாசிரியை கல்பகம் மேடத்துக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் வெயில் காலத்தில் ஒருதரம் கொட்டகைக்கு வந்து, சீக்கிரமே கிளம்பிப் போனவர். வானம் மூடிக்கொண்டு இருந்தது.

முதலில் ஜெயந்த் பேசினான். நன்றாகவே பேசினான்.

“பிரதமரையும் மக்கள் தேர்ந்தெடுத்து, பிரசிடென்ட்டையும் மக்களே தேர்ந்தெடுத்தா, ரெண்டு பேரும் நான்தான் பெரியவன்னு சண்டை போடுவாங்க. ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் ஆகிடும். அதோட, நாடு முழுக்க ஓட்டுன்னா பெரிய மாநிலம் சொல்றதுதான் நடக்கும். சின்ன மாநிலத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. பழைய சென்சஸை வச்சிருக்கிறதுக்கும் காரணம் இருக்கு. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தின மாநிலம் அதனாலயே நஷ்டப்படக் கூடாது.”

ஏ பிரிவு கைதட்டியது. பூர்ணாவுக்கே, இதில் பாதி சரிதானே என்று தோன்றியது. அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

அவள் எழுந்தாள்.

“எங்க அப்பா வார்க்கிற குழாய் டெல்லிக்குப் போகுது. அந்தக் குழாய்ல வர தண்ணியத்தான் பிரசிடென்ட்டும் குடிப்பாரோ என்னவோ. ஆனா அவரைத் தேர்ந்தெடுக்கற கணக்குல எங்க அப்பா தலை இல்ல. பொறக்கறதுக்கு முன்னாடி எண்ணி முடிச்சுட்டாங்களாம். இந்தக் கொட்டகையிலும் அதே கதைதான். ஐம்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கோம். போர்டுல பதினேழு. மிச்சப் பேரு என்ன, பேயா?”

அது தன் வாக்கியம் என்பதால் வேதா எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

“பிரசிடென்ட் எல்லாருக்கும் பொதுதானே? அப்போ எல்லாரும்தானே போடணும்? நடுவுல ஒரு ஆள் எதுக்கு?”

விதிப்படி இப்போது எதிரணி ஒரு கேள்வி கேட்கலாம். ஜெயந்த் எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான்.

“நடுவுல ஆள் எதுக்குன்னு கேட்டியே. மக்கள்கிட்ட நேரா விட்டா இனிப்பாப் பேசறவங்களுக்குப் போட்டுடுவாங்க. நம்ம ஜாதி, நம்ம பாஷைன்னு பார்த்துப் போட்டுடுவாங்க. தலைவர்கள் அப்படிப் போட மாட்டாங்க. பொறுப்போட யோசிச்சுப் போடுவாங்க. இதை உன்னால மறுக்க முடியுமா?”

பூர்ணாவால் மறுக்க முடியும். அந்தக் கொட்டகையில் அவள் ஒருத்தியால்தான் அதை முழுசாக மறுக்க முடியும். பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் விவாதத்தில் அவள் பக்கம் ஜெயிக்கும். சொன்ன நிமிஷத்திலிருந்து வகுப்பில் ஒருவரும் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

“நான்...” என்று ஆரம்பித்தாள்.

மேலே சடசடவென்று நாலு துளி விழுந்தது. அடுத்த மூச்சில் ஜல்லி லாரி மொத்தமாகக் கொட்டியது.

எல்லோர் வாயும் அடைத்துப்போயிற்று. அவள் என்ன சொன்னாலும் இனி யாருக்கும் கேட்காது. கிருஷ்ணமூர்த்தி சார் பழக்கப்படி சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார்: ‘இன்னும் ஒரு நிமிடம்.’

தப்பிக்க வழி தானாகவே வந்துவிட்டது. சும்மா வாயை அசைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். மழையில் பதில் கேட்கவில்லை, பாவம், என்று வகுப்பே சொல்லும். பூர்ணா வேதாவைப் பார்த்தாள். வேதா இரண்டு கையையும் ஆட்டி, எழுது, எழுது, விடாதே என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

பூர்ணா கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸ் இரண்டு தரம் உடைந்தது.

‘தலைவர்களும் அப்படித்தான் போடுவார்கள். எனக்குத் தெரியும்.

7 பி ஓட்டை ஸ்ரேயாவுக்குப் போட்டது நான்.

அவள் என்னோடு தமிழில் பேசினாள். அதற்காகப் போட்டேன்.

என் வகுப்பில் ஒருவரையும் கேட்கவில்லை.’

எழுதிவிட்டுத் திரும்பினாள். கொட்டகையில் இருந்த உதடுகள் எல்லாம் ஒவ்வொரு வரியாக அசைந்து படித்தன. படித்து முடித்த உதடுகள் அப்படியே நின்றன. முதல் பெஞ்சில் பூர்ணாவின் பைக்குப் பக்கத்தில் இருந்த தன் பையை எடுத்து, வேதா மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்பகம் மேடம் எழுந்து ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னார். பிள்ளைகள் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்கள். சார் பணிவாக ஒரு சாக்பீஸை அவர் பக்கம் நீட்டினார். மேடம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரும்பலகைக்குப் போய் எழுதினார்.

‘மழை வந்தால் எப்போதும் இப்படித்தானா?’

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குட்டைப் பையன் ஓடிவந்து எழுதினான். ‘இல்லை மேடம். இன்றைக்குக் கம்மி.’

மேடம் பூர்ணாவைப் பார்த்தார். ‘உங்கள் ஓட்டுக்கு ஏன் 17?’

பூர்ணா எழுதினாள். ‘உங்கள் வாசலில் இருக்கும் போர்டில் அப்படித்தான் இருக்கிறது.’

‘இங்கே எத்தனை பேர்?’

‘58.’

தகரத்தின் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு சரியாக மேடத்தின் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜெயந்த் முன்னால் வந்தான். மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் எழுதினான்.

‘என் கேள்விக்குப் பூர்ணாவின் பதில் சரி. ஆனால் இரண்டு டிரைவர் விஷயம் இன்னும் அப்படியே இருக்கிறது.’

அப்போது மழை பட்டென்று நின்றது. தகரம் அடங்கினதும் கொட்டகைக்குள் ஒரே ஒரு குரல் தனியாகத் தொங்கியது. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்து வேதா அதுவரை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

“...அரவப் பொண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உன் வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?”

யாரும் சிரிக்கவில்லை.

“கேட்டிருக்கணும்” என்றாள் பூர்ணா.

வேதா மடியில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டினார். “நாட்டுக்கு எந்த முறை நல்லதுன்னு நீங்க ரெண்டு பேரும் வளர்ந்து பெரியவங்களாகி முடிவு பண்ணுங்க. அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும். பள்ளிக்கூடத்துக்கு நான் இப்பவே முடிவு பண்ணிடறேன். திங்கட்கிழமை மறுபடியும் தேர்தல். எல்லாப் பிள்ளையும் போடணும். ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டும் ஒரே எடை.” பிறகு சாரைப் பார்த்தார். “கிருஷ்ணமூர்த்தி, அந்தப் போர்டைக் கழற்றுங்க.”

“புது எண்ணிக்கை வேணுமே மேடம்” என்றார் சார்.

“நான் எண்ணித் தரேன் சார்” என்றாள் பூர்ணா.

*

அன்றைக்கு மத்தியானம் குழாயடியில் ஸ்ரேயா காத்துக்கொண்டு இருந்தாள். பூர்ணா தலையைக் குனிந்துகொண்டே குழாய்க்குக் கீழே தட்டை நீட்டினாள்.

“நான் தமிழ்ல பேசினது ஓட்டுக்காக இல்ல” என்றாள் ஸ்ரேயா. குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைத்தாள். “கொஞ்சம் ஓட்டுக்காகவும்தான்.”

பூர்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இனிமே என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க்கா. பதினேழும் போயிடுச்சு. ஒண்ணுதான் இருக்கு.”

“அந்த ஒண்ணும் எனக்கு இல்லைன்னு தெரியும். சும்மா பேசலாமில்ல?”

“பேசலாங்க்கா.”

சனிக்கிழமை காலை பூர்ணா ஒரு நோட்டோடு எல்லா வகுப்புக்கும் போனாள். ஒவ்வொரு தலையாகத் தொடாத குறையாக எண்ணினாள். ஏ பிரிவுகளில் முப்பத்தைந்து, முப்பத்தாறு. பி பிரிவுகளில் ஐம்பத்தைந்து, அறுபது. கடைசியாகத் தன் வகுப்புக்கு வந்தாள். பிள்ளைகள் அவளோடு பேசவில்லை. எண்ணுவதற்கு வசதியாக முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எண்ணி முடித்தாள். ஐம்பத்தேழு.

யாரும் லீவு எடுக்கவில்லையே? மறுபடியும் எண்ணினாள். ஐம்பத்தேழு. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் எண்ணினாள். ஐம்பத்தேழு. வியர்த்துவிட்டது. பள்ளிக்கூடமே பார்க்க ‘ஐம்பத்தெட்டு’ என்று கரும்பலகையில் எழுதினவள் அவள்.

அடக்கின சிரிப்பு ஒன்று முதல் பெஞ்சிலிருந்து கிளம்பியது.

“ஏய் அரவப் பொண்ணு” என்றாள் வேதா. நேற்றிலிருந்து அவள் பேசின முதல் பேச்சு. “நக்கோ, இன்னொரு தரம் எண்ணாதே, தலை சுத்துது. உன்னை யார் எண்ணுவா?”

பூர்ணா நோட்டில் ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். வேதா மடியிலிருந்த பையை எடுத்துப் பெஞ்சில் பழைய இடத்தில் வைத்தாள்.

*

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. ஆதர்ஷ் ஜெயித்தான். ஏ கட்டடத்திலிருந்தும் அவனுக்கு முப்பதுக்குமேல் விழுந்தது. அதில் ஒன்று தன்னுடையது என்று ஜெயந்த் சொன்னான். மழையில் விவாதம் பண்ண வேண்டியிருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லையாம். எண்ணிக்கைப் போர்டு புதுப் பெயின்ட் வாசனையோடு மேடம் ரூம் வாசலுக்குத் திரும்பி வந்தது. இந்த முறை எண்களைப் பெயின்ட்டில் எழுதவில்லை. சாக்பீஸில் எழுதினார்கள்.

சுதந்திர தினத்தன்று ஆதர்ஷ் கோரிக்கை வைத்தான். செப்டம்பர் முதல் வாரம் இரண்டு தச்சர்கள் வந்தார்கள். தகரத்துக்குக் கீழே சட்டம் அடித்து, நடுவில் தென்னை நாரைத் திணித்து, பலகையால் மூடிவிட்டுப் போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வானம் கறுத்தது. கிருஷ்ணமூர்த்தி சார் பாடத்தின் நடுவில் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டதைப் பார்த்தார். உடனே தொண்டை நரம்பு புடைக்க, மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முழு மூச்சில் கத்தினார்.

“அசோகர் சாலை ஓரங்களில் மரங்களை நட்டார்.”

மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஏ கட்டடத்தில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. ஐம்பத்தெட்டுப் பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பூர்ணா எழுந்து நின்றாள்.

“சார், மெதுவாவே சொல்லுங்க. எங்களுக்குக் கேக்குது.”